மொரிஷியஸிலிருந்து சர்வரைக் கண்காணிக்க ஏற்ற இலவச இணையக் கருவிகள்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

தைப்பூசக் காவடி நெருங்கும் நாட்களில் நம் கோயில் சங்கங்களின் இணையதளங்களுக்கு வருவோர் எண்ணிக்கை திடீரென உயர்கிறது. அந்த நேரத்தில் தளம் திறக்காவிட்டால், கோளாறு சர்வரில் (தளத்தை வழங்கும் கணினியில்) உள்ளதா, சர்வருக்குச் செல்லும் வழியில் உள்ளதா என்பதே முதலில் தெரிய வேண்டியது. கருவியின் அழகான வரைபடங்களைப் பார்த்து மயங்காமல், இந்த ஒரு கேள்விக்கு அது விடை தருகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் சர்வர் ஐரோப்பாவில் வாடகைக்கு எடுத்த சிறிய லினக்ஸ் சர்வர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: வெளிநாட்டிலிருந்து சோதனை

அப்டைம் ரோபோட் போன்ற சேவையில் கணக்குத் தொடங்கி, உங்கள் தளத்தின் முகவரியைச் சேருங்கள். இதன் இலவசத் திட்டம் 50 முகவரிகள் வரை 5 நிமிடத்திற்கு ஒருமுறை சோதிக்கிறது. வணிகத் தளம் வைத்திருப்பவர்கள் இலவசப் பயன்பாட்டு நிபந்தனைகளை முதலில் படித்துவிட வேண்டும். பக்கம் திறக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், பக்கத்தில் குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையையே தேர்ந்தெடுங்கள். ஏனெனில், உள்ளடக்கம் இல்லாத வெற்றுப் பக்கத்தையும் சில சர்வர்கள் வெற்றிகரமான பதிலாகவே அனுப்பிவிடும்.

படி 2: நம் தீவிலிருந்து சோதனை

பெரும்பாலான வழிகாட்டிகள் விட்டுவிடும் படி இது. தென்னாப்பிரிக்கா, ரியூனியன், மொரிஷியஸ், இந்தியா, மலேசியா ஆகியவற்றை இணைக்கும் சேஃப் கடலடிக் கம்பிவடம் 2002 முதல் இயங்குகிறது. இத்தகைய வடங்களில் ஒன்று அறுந்தால், ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சோதிக்கும் சேவைக்கு உங்கள் தளம் நலமாகவே தெரியும். கத்ர் போர்னில் இருக்கும் பக்தருக்கோ அது திறக்கவே திறக்காது.

ஆகவே, அப்டைம் கூமா என்னும் திறமூல மென்பொருளை வீட்டிலுள்ள பழைய கணினியிலோ ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியிலோ, மென்பொருளைத் தனிப் பொதியாக இயக்கும் டாக்கர் மூலம் நிறுவுங்கள். பிரவுசரில் அந்தக் கணினியின் முகவரியை 3001 என்ற போர்ட் (இணைப்பு வாயில்) எண்ணுடன் திறந்தால் அதன் பக்கம் தெரியும். கண்காணிக்கப்படும் சர்வரிலேயே இதை நிறுவுவது வீண். சர்வர் விழும்போது இதுவும் சேர்ந்து விழும். உங்கள் தளத்தோடு, உள்ளூர்த் தளம் ஒன்றையும் ஐரோப்பாவிலுள்ள வேறொரு தளத்தையும் சேருங்கள். மூன்றும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் வீட்டு இணைப்பில்தான் சிக்கல். ஐரோப்பியத் தளங்கள் இரண்டும் மட்டும் திறக்கவில்லை என்றால் கடல்வழியைச் சந்தேகிக்கலாம். உங்கள் தளம் மட்டும் திறக்காமல், அப்டைம் ரோபோட்டும் அதையே சொன்னால், சர்வரைத்தான் பார்க்க வேண்டும்.

பதில் வரும் நேரத்தையும் தூரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. பாரிஸ் நம்மிடமிருந்து நேர்க்கோட்டிலேயே சுமார் 9,400 கிலோமீட்டர். போய்த் திரும்ப 94 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை. வடம் வளைந்து செல்வதால் நடைமுறையில் இன்னும் கூடும். அந்தத் தாமதத்திற்காகச் சர்வரைக் குறை கூற வேண்டாம்.

படி 3: சர்வரின் உள்ளே

சர்வரில் நெட்டேட்டா என்னும் கண்காணிப்பு மென்பொருளை நிறுவினால், சிபியு, மெமரி, டிஸ்க் ஆகியவற்றின் நிலையை நொடிக்கு நொடி காட்டும். அதன் போர்ட் 19999. அதை உலகுக்கே திறந்துவிடாமல் ஃபயர்வாலால் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் அரணால்) மூடி, எஸ்எஸ்ஹெச் என்னும் மறையாக்கப்பட்ட தொலை இணைப்பு வழியாக மட்டும் பாருங்கள். நூற்றுக்கணக்கான வரைபடங்களில் தொடக்கத்தில் நான்கே போதும். முதலாவது சராசரி லோடு, அதாவது ஒரே நேரத்தில் இயங்கும் அல்லது காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை: இது சிபியு கோர்களின் (செயலிக்குள் இருக்கும் தனித்தனி கணிப்பு அலகுகளின்) எண்ணிக்கையைத் தொடர்ந்து தாண்டக் கூடாது. இரண்டாவது மெமரி: அதில் ‘காலி’ என்ற எண்ணைக் கண்டு அஞ்சாமல், ‘கிடைக்கக்கூடியது’ என்ற எண்ணைப் பாருங்கள்; லினக்ஸ் மீதியிடத்தைத் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. டிஸ்க் நிறைவது மூன்றாவது. நான்காவது ‘ஸ்டீல்’ நேரம்: மலிவான வாடகைச் சர்வர்களில் இது உயர்ந்தால், அதே இயந்திரத்தைப் பகிரும் மற்றவர்கள் உங்கள் சிபியு நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பொருள்.

அளவீடுகளைச் சேகரிக்கும் பிரோமிதியஸ், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா ஆகிய இணையைப் பலர் பரிந்துரைப்பார்கள். பல சர்வர்கள் உள்ளவருக்கு அது தகும். ஒரே சர்வருக்கு அதைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும் என்பது என் கருத்து.

படி 4: அலர்ட்

அப்டைம் கூமாவில் மறுமுயற்சி எண்ணிக்கையை இரண்டாக வைத்து, டெலிகிராமுக்குச் செய்தி வரச் செய்யுங்கள். எல்லாக் கருவிகளிலும் நேர மண்டலத்தை மொரிஷியஸ் நேரமான யுடிசி +4 என மாற்றினால், பதிவுகளை ஒப்பிடுவது எளிதாகும். பின்னர், கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தில் சர்வரின் இணையச் சேவையை வேண்டுமென்றே பத்து நிமிடம் நிறுத்தி, அப்டைம் ரோபோட், அப்டைம் கூமா ஆகிய இரண்டிலிருந்தும் செய்தி வருகிறதா என்று சோதித்துவிட்டு மீண்டும் இயக்குங்கள்.