செட் ஸ்கிரிப்ட்டும் சாய்கோடும்: என் அனுபவம்

வார்ப்புருக் கோப்பின் (template) இடநிரப்பிகளில் (placeholder) மதிப்புகளை நிரப்பும் என் செட் (sed, உரையைத் தேடி மாற்றும் கட்டளைவரிக் கருவி) ஸ்கிரிப்ட், போர்ட் எண்ணையெல்லாம் ஒழுங்காக மாற்றிவிட்டு, கோப்புறைப் பாதை வரும் வரியில் மட்டும் ‘எஸ் கட்டளைக்குத் தெரியாத விருப்பம்’ என்ற பிழையோடு நின்றது. எஸ் (s) என்பது செட்டின் தேடி மாற்றும் கட்டளை; தேடும் உரையையும் மாற்று உரையையும் அதில் சாய்கோட்டால் (/) பிரித்திருந்தேன். பாதையின் முதல் சாய்கோட்டையே மாற்று உரையின் முடிவாகக் கொண்டு, அடுத்துள்ள எழுத்துகளைச் செட் விருப்பங்களாகப் படித்ததே காரணம். சாய்கோட்டுக்குப் பதில் பிரிப்பானாகச் செங்குத்துக் கோட்டை (|) வைத்ததும் பிழை மறைந்தது. அதைவிடத் தொல்லை தந்தது, இணைய முகவரியில் இருந்த ஆம்பர்சண்ட் (&) குறி. பிழைச் செய்தி எதுவும் வராது. மாற்று உரையில் அந்தக் குறிக்கு ‘தேடிக் கிடைத்த உரை’ என்று பொருள் என்பதால், அது இருந்த இடத்தில் இடநிரப்பியின் பெயரே மீண்டும் வந்து உட்கார்ந்திருக்கும். எனவே ஆம்பர்சண்ட், பின்சாய்கோடு (\), பிரிப்பான் ஆகிய மூன்றையும் செட் சாதாரண எழுத்துகளாகவே எடுத்துக்கொள்ள, அவற்றுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோட்டைச் சேர்க்கும் வரியை, மதிப்புகளைப் படிக்கும் இடத்திலேயே எழுதி வைத்தேன்.