செயலியில் புதிய நாள் பிறந்ததைக் கண்டறிவது எப்படி?

குடித்த தண்ணீரைக் கணக்கு வைக்கும் செயலி, நாள் மாறியதும் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இதற்கு நள்ளிரவு 12 மணிக்கு ஒரு டைமர் வைத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் பேட்டரியைச் சேமிப்பதற்காக இயங்குதளம் செயலியை உறங்க வைத்திருக்கும், அல்லது மூடியே விட்டிருக்கும். ஆகவே, கடைசியாகப் பார்த்த தேதியைச் சேமித்து வைத்து, செயலி திரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அதை இன்றைய தேதியோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. ஆண்ட்ராய்டில் இந்தச் சோதனைக்கு உரிய இடம், செயலி திரைக்கு வரும்போதெல்லாம் இயங்குதளம் அழைக்கும் ஆன்ரெஸ்யூம் என்ற செயற்கூறு. ஐஓஎஸ்ஸில், செயலி மீண்டும் செயல்நிலைக்கு வரும் தருணம்.

தேதியை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன. 1970 முதலான மில்லிநொடிகளை 8,64,00,000 ஆல் வகுத்து நாள் எண்ணைப் பெறுவது எளிதாகத் தெரிந்தாலும், அது தருவது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தின்படியான நாள்தான். இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே அந்தச் செயலிக்குக் காலை 5.30 மணிக்குத்தான் பொழுது விடியும். 4 மணிக்கு எழுந்து குடித்த தண்ணீர் நேற்றைய கணக்கில் போய்ச் சேரும். அலுவலக நேரத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. ஆண்ட்ராய்டில் லோக்கல்டேட், ஐஓஎஸ்ஸில் காலண்டர் ஆகிய தேதிக் கருவிகள் கைப்பேசியின் நேர மண்டலத்தைக் கொண்டே நாளைக் கணக்கிடுகின்றன.

24 மணி நேரத்தைக் கூட்டி அடுத்த நாளைக் காண்பதும் தவறு. பிரேசிலின் பல மாநிலங்களில் 2018 நவம்பர் 4 அன்று கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரம் நள்ளிரவில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதால், அந்த நாள் 1 மணிக்குத்தான் தொடங்கியது. நாளின் தொடக்கத்தை, ஆயத்த நிரல்கள் கொண்ட நூலகத்திடமே (லைப்ரரி) கேட்க வேண்டும். ஐஓஎஸ்ஸில் ஸ்டார்ட்ஆஃப்டே, ஜாவாவில் அட்ஸ்டார்ட்ஆஃப்டே.

நள்ளிரவில் செயலி திறந்தே இருந்தால், ஆண்ட்ராய்டின் ஆக்‌ஷன்_டேட்_சேஞ்ட் அறிவிப்பையும் ஐஓஎஸ்ஸின் என்எஸ்காலண்டர்டேசேஞ்ட் அறிவிப்பையும் கேட்டு, அதே ஒப்பீட்டை மீண்டும் நடத்தலாம். இவை துல்லியமாக 12 மணிக்கே வரும் என்று நம்பி எதையும் கட்டக் கூடாது.

சேமித்த தேதி இன்றைய தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், பயனர் மேற்கு நோக்கிப் பறந்திருக்கலாம், கடிகாரத்தை மாற்றியிருக்கலாம். எண்ணிக்கையை அழிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு தேதியின் கீழும் தனிப் பதிவாக வைத்தால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் எழாது. என் பரிந்துரை எப்போதும் இதுவே. தினசரிப் பரிசு தரும் விளையாட்டு என்றால் மட்டும் சர்வரின் நேரத்தை நாடுங்கள்.

நேரத்தைத் தரும் பகுதியைத் தனியே பிரித்து எழுதினால், இரவு 11.59, காலை 5.29, நேர மண்டல மாற்றம் ஆகியவற்றைக் கைப்பேசியின் கடிகாரத்தைத் தொடாமலே சோதித்துவிடலாம்.