பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியவர்களுக்கு எக்செல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில், இருபது வருஷம் கையால் பேரேடு எழுதிய ஒருவரை உட்காரவைத்து, ஒரு பத்தியில் உள்ள எண்களை ஏன் கூட்ட வேண்டும் என்று ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன். அடுத்த வகுப்புக்கு அவர் வரவே இல்லை. அவருக்குத் தெரியாதது எக்செல் மட்டும்தான், கணக்கு இல்லை. "இப்போது இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று முதலிலேயே கேட்டிருந்தால் போதும், மீதிப் பாடத்தை அவருடைய பேரேட்டை வைத்தே நடத்தியிருக்கலாம். விஷயம் தெரிந்தவருக்கு ஆரம்பப் பாடத்தை நீட்டி முழக்குவது சலிப்போடு நிற்பதில்லை, கற்பதையே கெடுக்கிறது.

சரி, அதற்காக நேர் எதிர்ப்பக்கம் போய்விடக் கூடாது. "பெரியவர்கள்தானே, குறிப்பைக் கொடுத்தால் தாங்களே படித்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுவதும் அதே அளவு தவறு. அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970-இல் வந்த தன் புத்தகத்தின் துணைத்தலைப்பில் குழந்தைக் கல்வியையும் பெரியவர் கல்வியையும் எதிரெதிராக நிறுத்தினார். 1980-இல் திருத்திய பதிப்பில் அந்த 'எதிர்' போய், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது என்று மாற்றிவிட்டார். எனக்கு இந்தத் திருத்தம்தான் முக்கியமாகப் படுகிறது. கற்கும் துறைக்கே புதிதாக வந்தவருக்கு, வயது ஐம்பதானாலும், ஒவ்வொரு படியாகச் செய்து காட்டத்தான் வேண்டும்.

அடுத்தது, சோதிக்காமல் விடுவது. பெரியவர்களிடம் கேள்வி கேட்டால் சங்கடப்படுவார்கள் என்று நாமே முடிவு செய்து, பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போகிறோம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்து பார்த்த சோதனையில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து நன்றாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஆகவே மதிப்பெண் வேண்டாம், மற்றவர் முன்னால் எழுப்பிக் கேட்கவும் வேண்டாம். போன வாரம் பார்த்ததைப் பார்க்காமல் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், அந்தத் தாள் அவரிடமே இருக்கட்டும்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று ஆட்களைப் பிரிப்பதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பே சொல்லிவிட்டது.

அப்புறம் அந்த "இந்த வயசுக்கு மேல் எங்கே மண்டையில் ஏறப்போகிறது". கற்பவர் இதைச் சொல்லும்போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசுபவர்கள் டச்சு மொழி கற்றதைப் பற்றி 1978-இல் வெளிவந்த ஆய்வில், முதல் சில மாதங்களில் சின்னக் குழந்தைகளைவிடப் பதின்வயதினரும் பெரியவர்களும்தான் வேகமாக முன்னேறினார்கள். எட்டு முதல் பத்து வயதுக் குழந்தைகள் பிறகு எட்டிப் பிடித்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் நம் வகுப்பில் பெரியவர்கள் பின்தங்குவதற்குப் பல நேரம் மூளையைவிட வேலை முடிந்து வந்த களைப்பும், தன்னைவிட இளையவர் முன்னால் தப்பு செய்கிறோமே என்ற கூச்சமும்தான் காரணம். இந்தக் கூச்சத்தை நாமே கூட்டிவிடவும் செய்கிறோம். "இது ரொம்ப ஈஸி" என்று தைரியம் கொடுக்கத்தான் சொல்வோம், ஆனால் அது வராதவருக்கு 'ஈஸியானதுகூட எனக்கு வரவில்லை' என்றுதான் கேட்கும். "முதல் தடவை பலருக்கும் இந்த இடத்தில்தான் தவறும்" என்று சொல்லிப் பாருங்கள், சந்தேகம் கேட்கக் கை உயரும்.