மவுஸில் விளக்கு எரிந்தது, அம்புக்குறி நகரவில்லை

புதிய கணினியின் பாகங்களை நானே பூட்டி முடித்ததும், முன்பக்க யுஎஸ்பி துளையில் மவுஸைச் செருகினேன். அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அம்புக்குறி மட்டும் அசையவில்லை. பின்பக்கத்தில் செருகினால் ஒழுங்காக ஓடியது. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன், கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகளைத் துருவினேன். ஒரு மாலைப்பொழுது வீண்.

துப்புக் கொடுத்தது, யுஎஸ்பியின் வேகமான 3.0 வகையைச் சேர்ந்த ஒரு பென்டிரைவ். அதே துளையில் அது மட்டும் வேலை செய்தது! 3.0 துளைக்குள் பழைய 2.0-க்கான இரண்டு தரவுக் கம்பிகளும் அதிவேகத்துக்கான நான்கு கம்பிகளும் தனித்தனியாக வருகின்றன. மவுஸுக்குத் தேவை அந்தப் பழைய இரண்டுதான். அப்படியானால் அவற்றில்தான் கோளாறு.

மின்சாரத்தைத் துண்டித்து, முன்துளையின் கம்பிகள் மதர்போர்டில் வந்து சேரும் தடித்த இணைப்பியை மெல்லக் கழற்றினேன். மதர்போர்டில் இருந்த 19 ஊசிகளில் ஒன்று வணக்கம் சொல்வதுபோல் குனிந்து நின்றது. பூட்டும்போது கோணலாக வைத்து அழுத்தியவன் நான்தான். அதற்குள் கடைக்காரரை இரண்டு முறை மனதுக்குள் திட்டியாயிற்று.

நெருக்கமான ஊசிகளுக்கு நடுவே இடுக்கி நுழையவில்லை. குச்சியை எடுத்துவிட்ட மைக்ரோடிப் பென்சிலின் முனையை ஊசிமேல் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். வெடுக்கென்று வளைத்தால் ஒடிந்துவிடும் என்ற பயத்தில் கை வியர்த்தது. பிறகு இணைப்பியை நேராகப் பிடித்து அழுத்தினேன்.

மவுஸ் இப்போது அதே முன்துளையில்தான் இருக்கிறது.