காதால் பார்க்க வேண்டிய நடிகை

2025 அக்டோபரில், 96 வயதில் பிரிட்டிஷ் நடிகை பெட்ரீஷியா ரூட்லெட்ஜ் மறைந்த பிறகு, "அவர் நடித்ததில் எதை முதலில் பார்ப்பது?" என்று சிலர் கேட்டார்கள். நான் சொல்லும் வழி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்.

'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் ஏதாவது ஒரு பகுதியைப் போட்டுவிட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்காருங்கள். தொலைபேசி மணி அடிக்கும். ரூட்லெட்ஜ் நடிக்கும் ஹயசின்த் அம்மாள் எடுத்து, 'பக்கெட்' என்ற குடும்பப் பெயரை 'பூக்கே' என்று சொல்வார். வாளி பூங்கொத்தாகிவிடும்! குரல் எந்த இடத்தில் மேலே ஏறுகிறது, பேசுவது ஏழைச் சகோதரி டெய்சி என்றதும் எப்படிச் சட்டென்று இறங்குகிறது என்று கேளுங்கள். பாதி நடிப்பு அங்கேதான்.

அப்புறம் அதே பகுதியை ஒலியில்லாமல் பாருங்கள். டெய்சி வீட்டு வாசலில் ஓட்டைக் காருக்குள்ளிருந்து நாய் குரைக்கும்; தொப்பியும் கைப்பையுமாக அம்மாள் வேலிச்செடியில் சாய்வார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மொத்தம் 44 பகுதிகள், 1990 முதல் 1995 வரை வந்தவை. ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். கதை ஒரே அச்சு, திகட்டிவிடும். வாரம் இரண்டு போதும்.

பக்கத்து வீட்டு எம்மெட்டைக் கண்டால் அம்மாள் பாடத் தொடங்கிவிடுவார். எம்மெட் பயந்து ஓடுவார். அந்தக் காட்சி வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இப்படிக் கர்ணகடூரமாகப் பாடுகிறவர் 1968இல் பிராட்வே (நியூயார்க் நாடக மேடை) இசைநாடகத்துக்காக டோனி விருதும், 1988இல் லண்டனில் 'கேண்டீட்' இசைநாடகத்துக்காக ஒலிவியே விருதும் வாங்கியவர். இரண்டும் மேடை நாடகத்துக்கான பெரிய விருதுகள். சுருதி சுத்தமாகத் தெரிந்தவர் வேண்டுமென்றே அதைப் பிசகவிடுகிறார். (மேடையில் எல்லாமே வெற்றியில்லை. 1976இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த ஒரு பிராட்வே நாடகம் ஏழே முறை மேடையேறி மூடப்பட்டது. அதில் நாயகி இவர்தான்.)

சரி, இப்போது பின்னோக்கிப் போங்கள். நகைச்சுவைக் கலைஞர் விக்டோரியா வுட்டின் 1985ஆம் ஆண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'கிட்டி'யாக வருவார். உட்கார்ந்த இடத்திலிருந்து கேமராவைப் பார்த்துப் பேசுவதுதான், வேறு ஒன்றும் கிடையாது. ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு முன் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்று கவனியுங்கள்.

கடைசியாக நாடகாசிரியர் ஆலன் பென்னெட் எழுதிய 'எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்', 1988. ஒருவரே பேசும் தொலைக்காட்சி நாடகம். தனியாக வாழும் ஐரீன் ரடக் ஊரார்மீது புகார்க் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஹயசின்த்திடம் நாம் சிரித்த அதே மிடுக்கு, அதே 'எனக்குத் தெரியாதா' தோரணை. இங்கே தொண்டை அடைக்கும். நான் விவரம் தெரியாமல் இதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு ஹயசின்த்தைப் பார்த்துச் சிரிக்க ஒரு மாதம் பிடித்தது. வரிசையை இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

அதைப் பார்க்கும் அன்று வேறெதுவும் போடாதீர்கள். இன்னொரு தொடரில் இவர் நடித்த, 60 வயதில் துப்பறியக் கிளம்பும் ஹெட்டி வெயின்த்ராப் மறுநாளைக்கு இருக்கட்டும்.