சிக்கிள் செல் உள்ள குழந்தையை வீட்டில் கவனித்துக்கொள்வது எப்படி

நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில் ‘சிக்கிள் செல்’ என்று சொல்லப்படும் அரிவாளணு இரத்தசோகை, இந்தியாவில் முதன்முதலாக 1952இல் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறுபட்ட மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே ஒரு குழந்தைக்கு இந்நோய் உண்டாகிறது. கர்ப்பகாலத்தில் தாய் எதையோ தின்றதால் வந்தது என்று யாரேனும் சொன்னால் அது முழுப் பொய் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரத்தச் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில், குளுடாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய ஓர் இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் அமர்ந்துவிடுகிறது. அந்த ஒரேயொரு மாற்றத்தால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல் நீள, அணுவும் அரிவாளாக வளைந்து விறைத்துப்போகிறது. சாதாரணச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். இதுவோ 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுவதால்தான் குழந்தை வெளிறி, கண்கள் மஞ்சளாகத் தெரிகின்றன. உடையாதவை நுண்குழாய்களில் சிக்கி இரத்த ஓட்டத்தை அடைக்கும்போது, எலும்புக்குள்ளிருந்து தாங்கமுடியாத வலி கிளம்புகிறது. சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கைகால் விரல்கள் பொதபொதவென்று வீங்குவதே முதல் அறிகுறி. பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

உடலில் நீர் குறைவதும் குளிர் தாக்குவதும் அணுக்களின் வளைவைத் தூண்டும். ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். மழையில் நனைந்தால் உடனே துவட்டி உடை மாற்றுங்கள். வலி வந்தால் மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மருந்தைக் கொடுத்து, வெதுவெதுப்பான ஒத்தடம் இடுங்கள். பனிக்கட்டி வைக்கவே கூடாது. வெளியே காயமோ வீக்கமோ இல்லை என்பதற்காகக் குழந்தை நடிக்கிறது என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். இரத்தசோகைதானே என்று இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுப்பதும் தவறு. இங்கே குறைபாடு பெரும்பாலும் இரும்பில் இல்லை. ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்துகளை மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பெற்றோரும் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது, இட விலாவுக்கு அடியில் இரத்தத்தை வடிகட்டும் உறுப்பான மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, விரல் நுனிகளைத் தொப்புளுக்கு இடப்புறம் மெல்லப் பதித்து, இட விலா எலும்பை நோக்கிச் சிறிது சிறிதாக மேலேற்றுங்கள். குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது விரலில் கெட்டியான விளிம்பு ஒன்று தட்டினால் அதுவே வீங்கிய மண்ணீரல். விலாவிலிருந்து எத்தனை விரற்கடை கீழே இருக்கிறது என்று குறித்துவையுங்கள். முதல்முறை மருத்துவரோ செவிலியரோ அருகிலிருந்து காட்டிக்கொடுக்கட்டும். முந்தைய அளவைவிடத் திடீரெனப் பெரிதாகி, குழந்தையும் வெளிறிச் சோர்ந்திருந்தால், இரத்தம் மண்ணீரலுக்குள் தேங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். ஜமைக்காவில் தாய்மார்களுக்கு இந்தச் சோதனையைக் கற்றுக்கொடுத்த பின்பு இவ்வகை இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. இரண்டு விரல்களால் செய்யக்கூடிய இவ்வளவு பெரிய காரியம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடைப்புகளால் மண்ணீரல் நாளடைவில் செயலிழப்பதால் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் குறைகிறது. ஆகவே தடுப்பூசி எதையும் தவறவிடாதீர்கள்; பென்சிலின் கொடுக்கச் சொல்லியிருந்தால், நன்றாக இருக்கும் நாளிலும் நிறுத்தாதீர்கள். காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, ஒரு கை அல்லது கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் இரவானாலும் கிளம்புங்கள். குழந்தைக்கு சிக்கிள் செல் இருப்பதைக் காட்டும் பரிசோதனை அட்டையை வாசலருகே மாட்டிய பையிலேயே வைத்திருங்கள். மருத்துவமனையில் காய்ச்சல் என்று சொல்வதற்கு முன்பே, “குழந்தைக்கு சிக்கிள் செல் இருக்கிறது” என்று சொல்லி அந்த அட்டையை நீட்டுங்கள்.