ரொம்ப நாள் ஓட்டாம நின்ன பழைய காருக்கு கார்ப்ரேட்டர நாமளே சரி பண்றது எப்படி?

நல்லா ஓடிட்டிருந்த பழைய கார், சில மாசம் மூடி போட்டு நிறுத்திட்டு திரும்ப எடுத்தா செல்ஃப் சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, இல்லன்னா சோக் இழுத்தா மட்டும் ஓடுது, சோக்க உள்ள தள்ளுனதும் நின்னுடுது. இந்த நிலைமையில முக்காவாசி பேர் பண்ற முதல் வேலை ஸ்க்ரூடிரைவர எடுத்து மிக்ஸர் ஸ்க்ரூவ (பெட்ரோல், காத்து கலவைய மாத்துற திருகு) திருக ஆரம்பிக்கிறதுதான். தயவுசெஞ்சு அதுல கை வைக்காதீங்க. நிறுத்துன அன்னைக்கு வண்டி சரியாத்தானே ஓடுச்சு? ஸ்க்ரூ தானா சுத்தாது. மாறுனது உள்ள இருந்த பெட்ரோலும் ரப்பரும்தான், அதனால நம்ம வேலை சுத்தம் பண்றது, செட்டிங்க மாத்துறது இல்ல.

உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புறதுதான் கார்ப்ரேட்டர். அதுல ஃப்ளோட் பவுல்னு ஒரு சின்ன தொட்டி இருக்கு, அதுக்கு மேல காத்து போக ஒரு ஓட்டை இருக்கும், அது வழியா பெட்ரோல்ல சீக்கிரம் ஆவியாகுற பகுதி எல்லாம் போயிடும், மிச்சம் இருக்குறது பழுப்பு கலர்ல பிசின் மாதிரி அடியிலயும், பெட்ரோல் அளவா போக வெச்சிருக்குற ஜெட்டுங்குற பொடி ஓட்டைக்குள்ளயும் ஒட்டிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல்னா இன்னும் மோசம். அது ஈரத்த இழுக்கும், ஒரு அளவுக்கு மேல ஈரம் சேந்தா தண்ணியும் எத்தனாலும் தனியா பிரிஞ்சு அடியில தங்கிடும், அந்த இடத்துல அலுமினியம், துத்தநாகம் கலந்த கார்ப்ரேட்டர் பாடி அரிச்சு வெள்ளையா மாவு பூத்து நிக்கும். பழைய காலத்து ரப்பர் ட்யூபும், டயாஃப்ரம்னு சொல்ற மெல்லிசான ரப்பர் தகடும் எத்தனாலுக்காக செஞ்சது இல்ல, ஊதும், இல்ல வெடிப்பு விடும்.

முதல்ல: கார்ப்ரேட்டர்தான் காரணமா?

பாதி நேரம் காரணம் வேற எங்கயோ இருக்கும். பேட்டரி நல்லா சார்ஜ் இருக்கா, பிளக்ல ஸ்பார்க் வருதா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற பாயிண்ட் துரு பிடிக்காம இருக்கா, இதெல்லாம் முதல்ல பாருங்க. ஸ்பார்க் பாக்கும்போது பெட்ரோல் சிந்துன எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. அப்புறம் டேங்க் மூடிய திறந்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனைக்கு பதிலா பழைய வார்னிஷ் நாத்தம் வந்தா அந்த பெட்ரோல முழுசா இறக்கிட்டு புதுசு ஊத்துங்க. பழச வெச்சுக்கிட்டு கார்ப்ரேட்டர மட்டும் சுத்தம் பண்ணா மறுபடி அடைக்கும்.

பவுல் காஞ்சு போயிருந்தாலும் ஸ்டார்ட் ஆகாது, மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோல இழுத்து பவுல நிரப்ப கொஞ்ச நேரம் செல்ஃப் அடிச்சே ஆகணும், ஆனா ஒரே மூச்சுல அடிக்காம பத்து செகண்ட் அடிச்சு கொஞ்சம் விட்டு அடிங்க, மோட்டார் சூடாகும்.

ஏர் கிளீனர கழட்டி எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது ஆக்ஸிலரேட்டர் லிங்க்க கையால இழுத்து உள்ள பாருங்க. ஆக்ஸிலரேட்டர் பம்ப் (மிதிச்சதும் கூடுதலா பெட்ரோல் பீச்சுற சின்ன பம்ப்) இருக்குற மாடல்னா மெல்லிசா ஒரு பெட்ரோல் பீச்சல் வரணும். வந்தா பவுல்ல பெட்ரோல் இருக்கு, பம்பும் வேலை செய்யுது. வரலைன்னா ஒன்னு பவுல் காலி, இல்ல பம்ப் டயாஃப்ரம் போச்சு.

சோக்ல மட்டும் ஓடுதுன்னா ஐடில் ஜெட் (மிதிக்காம எஞ்சின் சும்மா ஓடுறப்போ, அதாவது ஐட்லிங்ல, பெட்ரோல் விடுற ஜெட்) அடைப்பு, இல்லன்னா எங்கயோ காத்து இழுக்குது. கார்ப்ரேட்டர்ல இருந்து பெட்ரோல் ஒழுகுது, பிளக் கறுப்பா நனைஞ்சு வருதுன்னா நீடில் வால்வு (பவுல் நிரம்புனதும் பெட்ரோல அடைக்கிற ஊசி), இல்லன்னா அத அமுக்குற மிதவையான ஃப்ளோட் காரணம். மிதிச்சதும் திக்குதுன்னா ஆக்ஸிலரேட்டர் பம்ப். வேகத்துல மட்டும் இழுக்கலைன்னா ஃபில்டர், பம்ப், மெயின் ஜெட் இந்த வரிசையில பாருங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி

பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டிடுங்க. திறந்த வெளியில பண்ணுங்க, பெட்ரோல் ஆவி காத்த விட கனமானது, தரையோட தவழ்ந்து போய் தூரத்துல இருக்குற நெருப்ப கூட பிடிச்சுடும். தீயணைப்பான் ஒன்னு கை எட்டுற தூரத்துல இருக்கட்டும். கையுறை, கண்ணாடி ரெண்டும் கட்டாயம், ஏன்னா கிளீனர் ஸ்ப்ரேய ஒரு ஓட்டையில அடிச்சா நீங்க நினைக்காத இன்னொரு ஓட்டை வழியா நேரா கண்ணுக்கு வரும்.

ஒவ்வொரு லிங்க், ஸ்பிரிங், ட்யூப கழட்டுறதுக்கு முன்னாடியும் ஃபோன்ல நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துக்கோங்க. கீழ நட்டெல்லாம் கழட்டி தூக்குனதும் எஞ்சினுக்குள்ள போற குழாயான மேனிஃபோல்டு வாயில சுத்தமான துணிய வெச்சு அடைச்சுடுங்க, ஒரு வாஷர் உள்ள விழுந்தா எஞ்சினயே பிரிக்க வேண்டி வரும்.

பிரிச்சு சுத்தம் பண்றது

மேல் மூடி ஸ்க்ரூ எல்லாம் மென்மையான உலோகத்துல போயிருக்கும், சரியா பொருந்துற ஸ்க்ரூடிரைவர் இல்லன்னா தலை போயிடும். மூடிய தூக்குனதும் பவுல் அடிய பாருங்க, பழுப்பு பிசின், துரு தூள், தண்ணி முத்து எது இருந்தாலும் அது எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிங்க, துருன்னா டேங்க்ல இருந்துதான்.

ஃப்ளோட்ட எடுத்து காது கிட்ட ஆட்டிப் பாருங்க. பித்தளை ஃப்ளோட்ல தளும்புற சத்தம் கேட்டா உள்ள பெட்ரோல் ஏறிடுச்சு. சந்தேகமா இருந்தா பெட்ரோல் துடைச்சிட்டு, வெந்நீர்ல முக்குங்க, குமிழி வந்தா ஓட்டை. நீடில் முனைய வெளிச்சத்துல பாருங்க, சுத்தி ஒரு வளையம் மாதிரி தேஞ்சிருந்தா மாத்திடுங்க.

இப்ப ஐடில் ஜெட். இதுலதான் நிதானமா இருக்கணும், முழு வேலையிலயும் முக்கியமான இடம் இதுதான். வெபர், சோலெக்ஸ் மாதிரி கார்ப்ரேட்டர்ல ஜெட் மேலயே நம்பர் அடிச்சிருக்கும், 50ன்னு இருந்தா ஓட்டை 0.50 மில்லிமீட்டர். சுத்தி பிசின் படிஞ்சு அது 0.40 ஆச்சுன்னா பாக்க சின்ன வித்தியாசம்தான், ஆனா ஓட்டையோட பரப்பு மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. ஓடுற எஞ்சினுக்கு எடை கணக்குல ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காத்து வேணும், பெட்ரோல் இப்படி குறைஞ்சா ஐட்லிங் எப்படி நிக்கும்? ஜெட்ட கிளீனர்ல ஊற வெச்சு ஊதி, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, ஓட்டை முழு வட்டமா தெரியணும், ஓரம் பிசிறு தெரிஞ்சா இன்னும் ஊறணும். ஊசி, இரும்பு கம்பி, டிரில் எதையும் உள்ள விடாதீங்க, பித்தளை உடனே கீறி ஓட்டை பெருசாயிடும், அப்புறம் எந்த செட்டிங்கும் நிக்காது. நைலான் தூண்டில் நரம்பு போதும்.

ஜெட் மட்டும் சுத்தமானா பத்தாது, பாடிக்குள்ள இருக்குற வழியும் திறக்கணும். மிக்ஸர் ஸ்க்ரூவ கழட்டுறதுக்கு முன்னாடி உள்பக்கமா மெதுவா திருகி எத்தனை சுத்துல தட்டுதுன்னு எண்ணி எழுதி வெச்சுக்கோங்க, இறுக்காதீங்க, முனை நசுங்கிடும். அப்புறம் கழட்டிட்டு ஐடில் ஜெட் ஓட்டையில ஸ்ப்ரே அடிங்க, திராட்டில் தட்டுக்கு (ஆக்ஸிலரேட்டர மிதிச்சா திறக்குற தட்டு) கீழ இருக்குற சின்ன ஓட்டையில நல்ல வேகமா வரணும். சொட்டு சொட்டா வந்தா உள்ள இன்னும் அடைப்பு இருக்கு, ஊற விட்டு ரெண்டு பக்கத்துல இருந்தும் அடிங்க. ரப்பர், டயாஃப்ரம் எல்லாத்தையும் எடுத்துட்டுதான் ஸ்ப்ரே, இல்லன்னா அதுங்க ஊதிப் போயிடும்.

எஸ்யூ மாதிரி கார்ப்ரேட்டருக்குள்ளயே ஒரு பிஸ்டன் ஏறி இறங்குற வகைன்னா தனியா ஐடில் ஜெட் கிடையாது, பிஸ்டன தூக்கி விட்டா தட்டுன்னு சத்தத்தோட கீழ உக்காரணும், பிஸ்டனுக்கு மேல டேஷ்பாட்னு சொல்ற சின்ன குழாயில எண்ணெய் இருக்கணும், முதல்ல இந்த ரெண்டையும் பாருங்க.

திரும்ப மாட்டுறது

பழைய பேக்கிங்க (ரெண்டு பாகத்துக்கு நடுவுல கசியாம இருக்க வெக்கிற தாள்) திரும்ப போடாதீங்க, உங்க கார்ப்ரேட்டர் நம்பருக்கு ஏத்த ரிப்பேர் கிட் வாங்கி பேக்கிங், நீடில், டயாஃப்ரம் மூணையும் மாத்திடுங்க, ட்யூபும் எத்தனாலுக்கு தாங்குறதா பாத்து போடுங்க. மூடிய தலைகீழா பிடிச்சு பெட்ரோல் வர்ற வாய்ல சுத்தமான ட்யூப் வெச்சு ஊதுங்க, ஃப்ளோட் நீடில அமுக்குற மாடல்ல காத்து போகக் கூடாது. ஃப்ளோட் உயரம் மாடலுக்கு மாடல் வேற, உங்க கார் மேனுவல்ல இருக்குற அளவு மட்டும்தான் கணக்கு. அடி நட்ட ஒரு பக்கமா இறுக்காம மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, இல்லன்னா அடித்தட்டு வளைஞ்சு காத்து இழுக்கும்.

மிக்ஸர் ஸ்க்ரூவ எழுதி வெச்ச அதே எண்ணிக்கைக்கு வெளிய எடுங்க. எண்ண மறந்துட்டா ஒன்றரை சுத்துல ஆரம்பிக்கலாம். ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் நல்லா சூடானப்புறம், சோக் முழுசா உள்ள போனப்புறம், கால் சுத்து கால் சுத்தா திருகி ஐட்லிங் அதிகமா, சீரா இருக்குற இடத்துல நிறுத்திட்டு ஐட்லிங் ஸ்க்ரூவுல வேகத்த இறக்குங்க. ஐட்லிங் இன்னும் ஏறி இறங்குதுன்னா அடி பேக்கிங் ஓரத்துல தண்ணி ஸ்ப்ரே லேசா அடிங்க, அடிச்ச நேரம் சத்தம் மாறுனா அங்கதான் காத்து போகுது. அங்க கிளீனரோ பெட்ரோலோ அடிக்காதீங்க, கீழ எக்ஸாஸ்ட் சூடா இருக்கு. ஸ்டார்ட் ஆகலைன்னு கார்ப்ரேட்டர் வாயில பெட்ரோல் ஊத்தி செல்ஃப் அடிக்கிறதும் வேண்டவே வேண்டாம், பேக் ஃபயர் ஆனா நெருப்பு மேல வரும்.

முதல் தடவை ஓட்டிட்டு வந்ததும் ட்யூப் கிளாம்ப், அடி நட்டு எல்லாம் ஒரு தடவை பாருங்க, ஈரம் தெரியக் கூடாது.

இனிமே அடைக்காம இருக்க

மாசம் ஒரு தடவையாவது ரோட்டுல எடுத்து இருபது முப்பது நிமிஷம் நல்லா சூடாகுற மாதிரி ஓட்டுங்க, நின்ன இடத்துலயே அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றதால ஒரு பிரயோஜனமும் இல்ல, சைலன்சர்லயும் ஆயில்லயும் தண்ணிதான் சேரும். ரொம்ப நாள் நிறுத்தப் போறீங்கன்னா புது பெட்ரோல்ல ஃப்யூயல் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாம இருக்க கலக்குறது) கலந்து டேங்க நிரப்பி, அது கார்ப்ரேட்டர் வரைக்கும் வர்ற அளவுக்கு கொஞ்ச தூரம் ஓட்டுங்க. பெட்ரோல் காக் இருந்தா அத மூடிட்டு எஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, பவுல்ல பெட்ரோல் இல்லன்னா அங்க படியுறதுக்கும் ஒன்னும் இருக்காது.